30 மீட்டர் கடிகாரம் 2 மீட்டர் குளத்தில் நின்றது ஏன்?

"சார், வாட்ச்சுல 30 மீட்டர்னு போட்டிருக்கு. நீச்சல் குளம் 2 மீட்டர்கூட இல்ல. அப்புறம் எப்படித் தண்ணி உள்ள போச்சு?"

நான்காம் படிவ மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கும் அவன் அப்பா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கித் தந்த கடிகாரம் அது. கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருந்தது, முள் நின்றுவிட்டது. அப்பாவிடம் அவன் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன், தப்பு தன்னுடையதா என்று தெரிந்துகொள்ள விரும்பினான்.

அவன் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஆறு ஆண்டுகளாக நான் கட்டியிருப்பது முக்குளிப்போருக்கான கடிகாரம். முகப்பில் '200 மீட்டர்' என்று இருக்கும். நான் முக்குளித்ததே இல்லை. சிலாங்கூர் ஆற்றில் ஒரு சாண் ஆழத்தில் நம் கையே நமக்குத் தெரியாது. அங்கே என்னத்தை முக்குளிப்பது? "200 மீட்டர் எங்கே போவதாக உத்தேசம்?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள்.

முதலில் அந்த 200 மீட்டரைப் பார்ப்போம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 200 மீட்டரில் கூடுதலாக 20 வளிமண்டலம். அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 20 கிலோகிராம் பாரம். என் கடிகாரக் கண்ணாடியின் விட்டம் 2.8 சென்டிமீட்டர், பரப்பு 6 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, அந்தச் சின்னக் கண்ணாடிமீது 120 கிலோவுக்கு மேல் அழுத்தும். 10 கிலோ அரிசிப் பை பன்னிரண்டை அதன்மேல் அடுக்கியது போல. கண்ணாடி ஏன் அவ்வளவு தடிமன், பின்மூடி ஏன் திருகி மூடப்படுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

பையனுடைய கடிகாரத்தின் 30 மீட்டருக்கும் இதே கணக்குதான். 3 வளிமண்டலம். பிறகு ஏன் குளத்தில் நின்றது?

இதற்குப் பலர் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு: நீந்தும்போது கையை வீசுவதால் அழுத்தம் பல மடங்கு கூடிவிடும் என்பார்கள். நானும் சில காலம் வகுப்பில் அப்படித்தான் சொல்லி வந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. நீரின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்தக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கை வீசினாலும் 4,500 பாஸ்கல்தான். அரை மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தம்கூட அது இல்லை. கைவீச்சு குற்றவாளி அல்ல.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சாதாரணக் கடிகாரங்களுக்கான ஐஎஸ்ஓ 22810 தரத்தின்படி, தயாரிப்பில் சில மாதிரிகளை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். புதிய கடிகாரம், அசையாத நீர், குறுகிய நேரம். '30 மீட்டர்' கடிகாரம் மழைத் தூறலுக்கும் கை கழுவுவதற்கும்தான் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கையேட்டை யார் படிக்கிறார்கள்?

முக்குளிப்புக் கடிகாரத்துக்கான ஐஎஸ்ஓ 6425 அப்படியல்ல. மாதிரி அல்ல, ஒவ்வொரு கடிகாரமும் நீரழுத்தச் சோதனைக்குப் போக வேண்டும். 200 மீட்டர் என்று எழுதுவதற்கு 250 மீட்டருக்குரிய அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும். பிறகு எனக்கு மிகவும் பிடித்த சோதனை: கடிகாரத்தை 40 முதல் 45 பாகை வரை சூடாக்கி, கண்ணாடிமேல் குளிர்ந்த நீர் ஒரு சொட்டு விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால் உட்புறம் பனி படரக்கூடாது. படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். வெயிலில் நின்று சூடான உங்கள் கடிகாரத்தின்மேல் ஓர் ஐஸ் துண்டை வைத்து நீங்களும் பார்க்கலாம்.

எந்தத் தரமாக இருந்தாலும், கடைசியில் நீரைத் தடுப்பது சில ரப்பர் வளையங்கள்தாம். பின்மூடியில் ஒன்று, நேரம் திருப்பும் குமிழில் ஒன்றிரண்டு. நம் தாத்தா பாட்டிமார் இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர்கள். ஆனால் இந்த வளையங்கள் பெரும்பாலும் அந்தப் பாலிலிருந்து வருவதில்லை. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும் என்பதால் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு. ஆண்டுக்கணக்கில் நசுங்கியே இருக்கும் ரப்பர், மீண்டெழும் குணத்தை மெல்ல மெல்ல இழக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்தும். வெயிலில் நிறுத்திய காரில் கடிகாரத்தை விட்டுவைப்பவர்கள் கவனிக்க.

சூடும் குளிரும் மாறுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 45 பாகையில் இருந்த கடிகாரம் 27 பாகை நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 6 விழுக்காடு குறையும். வளையம் நன்றாக இருந்தால் இது ஒன்றுமில்லை. வளையம் தளர்ந்திருந்தால் கடிகாரமே நீரை உறிஞ்சிக்கொள்ளும்.

என் கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனமானது; நீளக்கைச் சட்டைக்குள் அடங்காது. பேட்டரி இல்லாத தானியங்கி என்பதால் நாளுக்குப் பத்து நொடி முந்தும். பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். ஒருமுறை நேரம் திருத்திவிட்டுக் குமிழைத் திருகி மூட மறந்து மழையில் போனேன். கண்ணாடிக்குள் பனி. 200 மீட்டர் தாங்குவது பைக்கில் பத்து நிமிட மழையைத் தாங்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

பிடித்தது கண்ணாடியைச் சுற்றியிருக்கும் சுழல்வட்டு. நீரில் இறங்கும்போது அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்தால், கழிந்த நிமிடங்களை அப்படியே வாசிக்கலாம். அது இடஞ்சுழியாக மட்டுமே திரும்பும். பாறையில் இடித்துத் தவறுதலாகத் திரும்பினாலும், கழிந்த நேரத்தை அதிகமாகத்தான் காட்டும். முக்குளிப்பவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். காற்று தீர்ந்தபின் வரமாட்டார். பிழை நேர்ந்தாலும் உயிர் பிழைக்கும் பக்கமாகவே நேரட்டும் என்று யோசித்த அந்த மூளைக்கு ஒரு கும்பிடு. நான் ஆய்வுக்கூடத்தில் நீர் கொதிக்கும் நேரம் பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துகிறேன்.

இருளில் ஒளிரும் முள்ளையும் ஒரு முறை சோதித்தேன், கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகில் போனபோது. பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் மினுக்க, என் மணிக்கட்டில் பச்சை ஒளி பளிச்சென்று தெரிந்தது. கூச்சப்பட்டுக் கையால் மூடிக்கொண்டேன். மின்மினி, லூசிஃபெரின் என்ற பொருளை உயிர்வளியோடு வினைபுரிய வைத்துத் தானே ஒளியை உண்டாக்குகிறது. கடிகாரத்தில் பூசிய ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டோ பகலில் வாங்கிய ஒளியைச் சேமித்து மெல்ல வெளிவிடுகிறது. நேரம் ஆக ஆக மங்கும். அந்தக் காலத்தில் இதற்கு ரேடியம் பூசினார்கள். 1920களில் அமெரிக்காவில், தூரிகை நுனியை உதட்டில் கூராக்கி அதைப் பூசிய பெண்கள் பலர் எலும்பு அரித்து இறந்தார்கள்.

இனி பையனின் கடிகாரம். கடையில் பின்மூடியைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சென்ற ஆண்டு பாசார் மாலாமில் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். பழைய வளையத்தையே திரும்பப் போட்டு மூடியதில், அது ஓரிடத்தில் பள்ளத்தைவிட்டு விலகி மூடியடியில் சிக்கி வெட்டுப்பட்டிருந்தது. 30 மீட்டர் கடிகாரத்தோடு குளத்தில் இறங்கியது பையனின் தவறுதான். ஆனால் அன்று இறங்காமல் இருந்திருந்தாலும், அடுத்த பெருமழையில் நனைந்திருந்தால் அது நின்றிருக்கும். அதையே அவன் அப்பாவிடம் சொன்னான். நானும் உடன் போயிருந்தேன். அவர் வளையத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார்?" என்றார்.

இயந்திரம் துருப்பிடித்துவிட்டது, கடிகாரத்தைக் காப்பாற்ற முடியவில்லை. வளையத்தை மட்டும் வாங்கி வந்தேன். ஆய்வுக்கூட மேசையில் இருக்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர், ஒரு பக்கம் தட்டையாகி, வெட்டுப்பட்ட இடத்தில் நூல்போல் தொங்குகிறது.