படகு இயந்திரத்தின் தூக்குவிசையும் அதன் மின் இணைப்புகளும்

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. கிணற்றடியில் பம்புசெட் ஓடாமல் நின்றுவிட்டால், கோளாறு பல சமயம் மோட்டாரில் இருப்பதில்லை. ஸ்டார்ட்டரிலோ, பியூஸிலோ, தளர்ந்துபோன வயர் முனை ஒன்றிலோதான் இருக்கும். இதனை நமது விவசாயிகள் அனுபவத்தில் நன்கு அறிவர். கடலோரப் பஞ்சாயத்துகளில் பயன்படும் படகு இயந்திரங்களுக்கும் இவ்வுண்மை அப்படியே பொருந்தும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின்னர், நமது கரையோரங்களில் கட்டுமரங்கள் குறைந்து, கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. இவற்றுள் பலவற்றில் பொருத்தப்படும் சிறிய அவுட்போர்டு மோட்டாரை ஒருவர் கையாலேயே சாய்த்துத் தூக்கிவிடலாம். ஆனால், மீட்புப் பணிக்கும் காவலுக்கும் பயன்படும் 40 குதிரைசக்தியும் அதற்கு மேற்பட்டதுமான இயந்திரங்கள் 100 கிலோ அளவும் அதற்கு மேலும் எடை உள்ளவை. ஆகவே அவற்றுள் பெரும்பாலானவற்றில், பொத்தானை அழுத்தினால் இயந்திரத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்ல ‘பவர் டிரிம்’ என்னும் தூக்குவிசை அமைந்துள்ளது.

இது வெறும் சௌகரியம் அன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையிலும், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளத்திலும் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டு எண்ணற்றோரைக் காப்பாற்றினர். அத்தகைய வெள்ளத்தில், மதில்களும் படிக்கட்டுகளும் நீருக்கடியில் மறைந்து கிடக்கும். முகத்துவாரத்து மணல் திட்டுகளும் அவ்வாறே. தக்க தருணத்தில் இயந்திரம் மேலெழாவிடில் விசிறி உடையும். படகு அங்கேயே நின்றுவிடும். அதில் இருப்போரின் உயிருக்கும் ஆபத்து நேரும்.

சென்ற மழைக்காலத்துக்கு முன் நமது வட்டாரத்தில் நடைபெற்ற மீட்புப் பயிற்சியில், படகொன்றின் இயந்திரம் தாழ்ந்ததேயன்றி உயர மறுத்தது. தூக்குவிசையின் எண்ணெய்ப் பம்பு முழுவதையும் மாற்ற வேண்டுமென்று பழுது பார்ப்பவர் ஒருவர் கூறினார். பெருந்தொகை செலவாகுமே என்று தயங்கி, இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ரிலே ஒன்றின் முனையில் பச்சை நிறக் களிம்பு படர்ந்திருந்தது. அதனைச் சுத்தம் செய்து, புதிய முனை பொருத்திய மாத்திரத்தில் இயந்திரம் உயர்ந்தது. பம்பில் யாதொரு குறையும் இருக்கவில்லை. இதிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்றே: சோதித்த பிறகே உறுப்பை மாற்ற வேண்டும்.

இனி, இவ்வமைப்பு வேலை செய்யும் முறையைக் காண்போம். 12 வோல்ட் பாட்டரியால் ஓடும் சிறு மோட்டார் ஒன்று எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுகிறது. எண்ணெயின் அழுத்தம் தண்டுகளைத் தள்ள, இயந்திரம் உயர்கிறது. மோட்டாருக்குச் செல்லும் இரு தடித்த வயர்களில் மின்சாரத்தின் திசையை மாற்றினால், மோட்டார் எதிர்ப்புறம் சுழன்று இயந்திரம் தாழ்கிறது. பல தயாரிப்புகளில் நீல வயர் உயர்த்துவதற்கும் பச்சை வயர் தாழ்த்துவதற்கும் உரியவை.

மோட்டாருக்கு மிகுந்த மின்சாரம் வேண்டும். கைப்பிடியிலுள்ள சிறு ஸ்விச்சு அதனைத் தாங்காது. ஆகையால் ஸ்விச்சு, ரிலேயை மட்டுமே இயக்குகிறது. ரிலேயே பெரிய மின்சாரத்தை மோட்டாருக்கு அனுப்புகிறது. பம்புசெட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானுக்கும் உள்ளேயிருக்கும் கான்டாக்டருக்கும் உள்ள உறவு போன்றதே இது.

உயர்த்துவதற்கு ஒன்றும் தாழ்த்துவதற்கு ஒன்றுமாக ரிலேக்கள் இரண்டு. இரண்டும் ஓய்ந்திருக்கும்போது, மோட்டாரின் இரு வயர்களும் பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்திருக்கும். ஒன்று இயங்கும்போது, அதன் வயர் மட்டும் நேர்முனைக்கு மாறும். மற்றது எதிர்முனையிலேயே இருந்து மின்சாரம் திரும்பிச் செல்ல வழி தரும். எனவே, உயர்த்தும் வேலை நின்றுபோனால் உயர்த்தும் ரிலேயை மட்டும் குறை கூறலாகாது. தாழ்த்தும் ரிலேயின் ஓய்வுநிலைத் தொடுமுனை கெட்டிருந்தாலும் அதே விளைவு உண்டாகும்.

கோளாறு நேர்ந்தால் சோதிக்கும் முறை பின்வருமாறு:

முதலாவதாக, பாட்டரியை அளந்து பார்க்க வேண்டும். முழு மின்னேற்றம் பெற்று ஓய்ந்திருக்கும் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு வந்துவிட்டால் அது தீர்ந்த பாட்டரியே. அதன் முனைகள் இறுக்கமாகவும் சுத்தமாகவும் உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, பொத்தானை அழுத்திக் காதால் கேட்க வேண்டும். ‘டிக்’ என்ற ஒலி எழாவிடில் பியூஸ், ஸ்விச்சு, மெல்லிய வயர்கள், ரிலேயின் சுருள் ஆகியவற்றில் குறையைத் தேடலாம். பல இயந்திரங்களில் மேல்மூடியின் பக்கத்தில் இரண்டாவது பொத்தான் ஒன்று உண்டு. அது வேலை செய்து, கைப்பிடிப் பொத்தான் மட்டும் வேலை செய்யாவிடில், குறை கைப்பிடிப் பொத்தானிலோ அதன் வயரிலோதான்.

மூன்றாவதாக, ஒலி எழுந்தும் மோட்டார் சுழலாவிடில், பொத்தானை அழுத்தியவாறே மோட்டாரின் இரு வயர்களுக்கிடையே மீட்டரை வைத்து அளக்க வேண்டும். பாட்டரியின் அளவுக்கு ஏறக்குறைய சமமான வோல்ட் இருந்தும் மோட்டார் சுழலாவிடில், மோட்டாரின் பிரஷ் முதலியவற்றில் குறை உண்டு. வோல்ட் மிகக் குறைந்திருந்தால் ரிலேயின் தொடுமுனை, தடித்த வயர், எர்த் இணைப்பு ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. இரண்டு ரிலேக்களும் ஒரே வகையினவாயின், அவற்றை இடம் மாற்றிப் பார்க்கலாம்; கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிலேயே குற்றவாளி.

நான்காவதாக, மோட்டார் ஓடியும் இயந்திரம் உயராவிடில் குறை மின்சாரத்தில் இல்லை. எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது கையால் தூக்குவதற்கென அமைந்த திருகு திறந்திருக்கலாம்.

கடற்கரையில் மின் இணைப்புகளுக்கு உப்பே முதற்பகை. உப்பீரம் செம்புக் கம்பியினுள் ஊர்ந்து, மேலுறை நன்றாயிருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். பச்சை படர்ந்த முனையை வெட்டியெறிந்து, பளபளப்பான கம்பி தெரியும்வரை உறையைச் சீவி, புதிய முனையை அழுத்திப் பொருத்தி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். மாற்று வயர் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாயின் நெடுநாள் உழைக்கும். வெறும் நாடா சுற்றுவது ஈரத்தை உள்ளே சிறைவைப்பதாகும். பியூஸ் போனால் புத்தகத்தில் குறித்த அளவுள்ளதையே போட வேண்டும். அதற்குப் பதில் கம்பியைச் சுற்றுவோர் படகுக்கே தீ வைக்கிறார்கள்.

பாதுகாப்பிலும் கவனம் வேண்டும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் ஒரு சிறு பொறியும் ஆபத்தே. வயர்களைக் கழற்றுமுன் பாட்டரியின் எதிர்முனையை முதலில் விடுவிக்க வேண்டும். உயர்த்திய இயந்திரத்தின் கீழ் வேலை செய்யும்போது தாங்கு கொண்டியைப் பூட்டி, மரமுட்டும் கொடுக்க வேண்டும். கைத்திருகைத் திறந்தால் உயர்ந்து நிற்கும் இயந்திரம் சட்டென்று கீழே விழக்கூடும். ஆயினும், நடுநீரில் மின்சாரம் கைவிட்டால் அத்திருகே துணை. அதனைத் திறந்து, இருவர் கூடி இயந்திரத்தைத் தூக்கி, மீண்டும் திருகை மூடிவிடலாம். அது இருக்குமிடத்தைப் படகில் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இவை: வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பும், மாதம் ஒரு முறையும் இயந்திரத்தை முழுவதும் உயர்த்தித் தாழ்த்திப் பார்க்கச் செய்யுங்கள். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நன்னீரால் கழுவச் சொல்லுங்கள். ஒரு மீட்டர், சில பியூஸ்கள், ஒரு மாற்று ரிலே ஆகியவற்றை நீர் புகாத பெட்டியில் வையுங்கள். ஊரில் மின்வேலை கற்ற இளைஞர் இருவரைத் தேர்ந்து இச்சோதனைகளைப் பழக்குங்கள். செய்த வேலையை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். வெள்ளம் வந்த இரவில் கரையில் நின்று பழுது பார்க்க அவகாசம் கிடைக்காது. வெயில் நாளிலேயே அச்சாணியைச் சரிபார்த்து வைப்போமாக.