லாரி வருமுன் முடிவு வருமா?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே கறிக்கோழிக் கொட்டகைகளைப் பார்க்கலாம். குஞ்சு விட்ட ஆறேழு வாரத்தில் கோழி லாரி ஏறிவிடும். கொட்டகையில் சால்மோனெல்லா இருக்கிறதா என்பதை அதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும். கோழியைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

சால்மோனெல்லாவில் 2,500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கேலினாரம், புல்லோரம் இரண்டும் கோழியையே சாய்த்துவிடும். மனிதரைப் படுக்க வைக்கும் எண்டரைட்டிடிஸும் டைஃபிமூரியமும் பெரும்பாலும் கோழியின் குடலில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். கோழி நன்றாகத் தீனி எடுக்கும், எடையும் கூடும். எச்சத்தோடு வெளியேறும் கிருமியோ தரையில் பரப்பிய தென்னை நார்க்கழிவு, தூசி, எலிப்புழுக்கை என எங்கும் பரவிக்கிடக்கும்.

ஆகவே, தேட வேண்டிய இடம் தரைதான். ஈரப்படுத்திய துணி உறையைக் காலணிமேல் மாட்டிக்கொண்டு கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தால் போதும். ஏராளமான கோழிகளின் எச்சம் துணியில் ஏறிவிடும். ஐரோப்பிய நாடுகளில், கறிக்கோழியை அறுப்பதற்கு முந்தைய மூன்று வாரத்துக்குள் இப்படி மாதிரி எடுக்கிறார்கள்.

அந்தத் துணியைப் பெப்டோன் கரைசலில் போட்டு 37 டிகிரியில் 18 மணி நேரம் வைப்பார்கள். உலர்ந்தும் கிருமிநாசினி பட்டும் நொந்துபோன கிருமிகள் அதில் தேறிப் பெருகும். அடுத்து, மற்ற பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும் ஊடகத்தில் 41.5 டிகிரியில் ஒரு நாள். பிறகு சிவப்பு நிற எக்ஸ்எல்டி தட்டு. சால்மோனெல்லா அதில் நடுவே கரும்புள்ளியோடு முளைக்கும்: அது உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு தட்டிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. மேலும் சோதித்து உறுதிசெய்வதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும்.

கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட பிசிஆர் இங்கே கைகொடுக்கிறது. குடல் செல்லுக்குள் நுழைய சால்மோனெல்லாவுக்கு உதவும் 'இன்வ்ஏ' மரபணுவைக் குறிவைத்து நகலெடுப்பார்கள். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால் 30 சுற்றில் ஒரு பிரதி 100 கோடியைத் தாண்டும். வேலை இரண்டு மணி நேரம்தான். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட 'லேம்ப்' முறைக்குச் சூடேற்றி ஆற்றும் இயந்திரம்கூட வேண்டாம். 60 முதல் 65 டிகிரிக்குள் ஒரே சூடு போதும். சிறிய ஆய்வகங்களுக்குத் தோதான முறை இது.

ஆனால், எச்சத்தை நேரே சோதித்தால் ஏமாந்துபோவோம். அதிலுள்ள பித்த உப்பு போன்றவை நகலெடுக்கும் நொதியை முடக்கிவிடும். கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரும். கழுவிய கொட்டகையில் செத்த கிருமியின் டிஎன்ஏ கிடந்து 'உண்டு' என்று காட்டுவதும் நடக்கும். இரண்டுக்கும் மருந்து அந்த முதல்நாள் பெப்டோன் ஊறல்தான். அதில் தடைப்பொருள் நீர்த்துவிடும். உயிருள்ளது மட்டுமே பெருகும். எவ்வளவு விரைவான சோதனையானாலும் அந்த ஓர் இரவைக் குறைப்பது கடினம்.

மறுநாளே முடிவு வந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அந்தக் கொட்டகைக் கோழியைக் கடைசியாக அறுக்கலாம். எருவைச் சின்ன வெங்காய வயலில் நேரே கொட்டாமல் குவித்துக் கிளறி மக்கவிடலாம். குவியல் முழுவதும் 55 டிகிரிக்கு மேல் சில நாள் சூடு நின்றால் கிருமி மடியும். எலி வளையை அடைத்து, கழுவி உலர்த்தி, மறுபடி மாதிரி எடுத்த பிறகே அடுத்த குஞ்சை இறக்கலாம். லாரி போன பிறகு வரும் முடிவுக்கு இதில் பாதிகூட வாய்க்காது.