கையை நீட்டினால் காசு!

மாதக் கடைசியைப் பற்றி நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்காரருக்குப் பாக்கி, பள்ளிக்கூடத்தில் புதிதாக முளைத்த ஒரு கட்டணம், போதாக்குறைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை! அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்த நோட்டும் தீர்ந்துபோனால், கை தானாகவே வளையலைத் தடவிப் பார்க்கும். அடகுக் கடைக்குப் போகலாமா, வேண்டாமா என்று மனம் ஊசலாடும்.

அமெரிக்காவில் ஒரு குடும்பத் தலைவிக்கு இதே மாதிரி மாதக் கடைசி வந்தால் என்ன செய்வாள்? டாலர் கொழிக்கும் தேசத்தில் மாதக் கடைசி ஏது என்று கேட்டுவிடாதீர்கள். அங்கேயும் வீட்டு வாடகை உண்டு, மளிகைக் கடை உண்டு, காருக்குப் பெட்ரோல் போட்டாக வேண்டும். அவளிடம் அடகு வைக்க வளையல் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கை இருக்கிறது. அந்தக் கையை நீட்டினால் காசு கொடுப்பதற்கு, அந்த நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன!

அங்கே அவள் கொடுப்பது ரத்தத்திலுள்ள 'பிளாஸ்மா'. அதற்குப் பெயர் தானம். தானம் செய்துவிட்டுப் பணமும் வாங்கிக்கொள்வதா என்று நீங்கள் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. விலை என்ற வார்த்தையை நிலையத்தார் சொல்வதில்லை. நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடு என்பார்கள். பெயர் எப்படி இருந்தாலும், மளிகைக்கடைக்காரருக்குக் கொடுத்தால் அவர் வாங்கிக் கொள்கிற காசுதான் அது.

மோர்த் தெளிவு மாதிரி

மோர்ப் பானையை அசைக்காமல் வைத்திருந்தால் மேலே தெளிவு நிற்கிறதல்லவா? ரத்தத்தையும் உறையவிடாமல் ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால் அப்படித்தான் பிரியும். சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். அதுதான் பிளாஸ்மா. நம் ரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமாகவே இது இருக்கிறது.

இதில் பெரும் பகுதி வெறும் தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் புரதங்கள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் அத்தனை கிராக்கி! நோயை எதிர்க்கும் புரதங்கள், காயம் பட்டால் ரத்தத்தை உறையச் செய்யும் புரதங்கள், 'ஆல்புமின்' என்கிற புரதம் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் முறையை 1940-களில், உலக யுத்த சமயத்தில், ஹார்வர்டில் எட்வின் கோன் என்ற விஞ்ஞானி வகுத்தார். போர்முனையில் காயம் பட்ட சிப்பாய்களுக்காகப் பிறந்த வித்தை, இன்று பெரிய தொழிலாக வளர்ந்து நிற்கிறது.

நிலையத்துக்குள் போவோமா?

முதல் தடவை என்றால் இரண்டு மணி நேரமாவது ஆகும். அடையாளச் சீட்டையும் விலாசத்துக்கு அத்தாட்சியையும் காட்ட வேண்டும். பிறகு கேள்விகள் சரமாரியாக வரும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? சமீபத்தில் பச்சை குத்திக்கொண்டீர்களா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? கர்ப்பிணி என்றால் எடுக்க மாட்டார்கள். எடை 110 பவுண்டு, அதாவது சுமார் 50 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்! நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சிவப்பணுவும் புரதமும் போதிய அளவு இருக்கின்றனவா என்று சோதிப்பார்கள்.

தேறியவருக்கு ஒரு சாய்வு நாற்காலி. வரிசை வரிசையாக இப்படி நாற்காலிகள். பக்கத்துக்கு ஒன்றாக யந்திரங்கள். முழங்கையின் உட்புறம் ஊசி ஏறுகிறது. முஷ்டியை மூடித் திறக்கச் சொல்கிறார்கள். ரத்தம் குழாய் வழியே யந்திரத்துக்குள் போகிறது. அங்கே தயிர் கடையும் மத்தைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் சுழல்கிறது ஒரு கிண்ணம். பிளாஸ்மா பிரிந்து பாட்டிலில் சொட்டுகிறது. சிவப்பணுக்கள் அதே ஊசி வழியாக உடம்புக்கே திரும்புகின்றன. எடுப்பதும் திருப்புவதுமாக ஒரு மணி நேரத்துக்குள் பாட்டில் நிறைந்துவிடுகிறது. கொடுப்பவரின் எடைக்குத் தக்கபடி 625 முதல் 800 மில்லி வரை எடுப்பது வழக்கமான கணக்கு.

ரத்தம் உறையாமல் இருக்க யந்திரத்தில் ஒரு மருந்து சேர்க்கிறார்கள். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் சிலருக்கு உதடு விறுவிறுக்கும். கடைசியில் உப்பு நீரை உடம்பில் ஏற்றும்போது கையெல்லாம் சில்லென்று குளிர்ந்து போகும். சிலருக்குத் தலை சுற்றும். அடிக்கடி போகிறவர்களுக்கு ஊசி குத்திய இடத்தில் வடு விழுந்துவிடும். அதைக் காட்டாமலே நீளக் கைச்சட்டை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

பணம் நோட்டாகக் கைக்கு வராது. ஒரு கார்டில் ஏற்றிவிடுவார்கள். ஊருக்கு ஊர் தொகை வேறுபடும். ஒரு தடவைக்குச் சுமார் 30 முதல் 70 டாலர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதம் அதிகம். ஒரே வாரத்தில் இரண்டாவது முறை வந்தால் முதல் முறையைவிடச் சற்றுக் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. தீபாவளித் தள்ளுபடியில் இரண்டாவது புடவைக்குச் சலுகை கொடுப்பது போலத்தான்! ஒரே தடவையோடு நின்றுவிடுகிறவரின் பிளாஸ்மா மருந்தாகாது. இரண்டாவது முறையும் வந்து, சோதனையில் மீண்டும் தேறினால்தான் அதைத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள்.

யாருக்குப் போகிறது?

பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். நம் குழந்தைக்கு இரண்டு நாளில் போகிற சளி, அந்தக் குழந்தைக்கு எமனாக வந்து நிற்கும். பிளாஸ்மாவிலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதத்தை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் தொடர்ந்து கொடுத்துவந்தால் அது பள்ளிக்கூடம் போகும், விளையாடும். அப்படி ஒருவருக்கு ஒரு வருஷ மருந்து தயாரிக்க 130 தடவை யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும் என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு. சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்காத 'ஹீமோபீலியா' நோயாளிக்கு, பிளாஸ்மா மருந்தையே நம்பினால், வருஷத்துக்கு 1,200 தடவை! இதை ஒரு தாயின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். 'காசுக்குக் கொடுத்ததா, தர்மத்துக்குக் கொடுத்ததா' என்று அவள் கேட்டுக்கொண்டிருப்பாளா?

உலகத்தில் சேகரிக்கப்படும் பிளாஸ்மாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. பணம் கொடுப்பதை அனுமதிக்காத தேசங்கள்கூட அந்த மருந்தை விலைக்கு வாங்குகின்றன.

கொடுப்பவர் யார்?

காத்லீன் மக்லாக்லின் என்ற அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளருக்கு ஒரு நரம்பு நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குகிற விபரீதம் அது. பிளாஸ்மா மருந்து ஏற்றிக்கொண்டால்தான் கை கால் சரியாக இயங்கும். 'என்னை நடக்க வைப்பது யாருடைய உடம்பிலிருந்து வந்தது?' என்ற கேள்வி அவரைக் குடைந்தது. ஊர் ஊராகப் போய்க் கொடுப்பவர்களைச் சந்தித்து, 2023-ல் ஒரு புத்தகமே எழுதினார். தொழிற்சாலைகள் மூடிப்போன மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரம், கல்லூரி மாணவர்கள் நிறைந்த ஐடஹோ மாநிலத்து ரெக்ஸ்பர்க், மெக்சிகோ எல்லையிலுள்ள எல் பாசோ எல்லாவற்றுக்கும் போனார். மாதச் செலவில் விழுந்த ஓட்டையை அடைப்பதற்காகக் கை நீட்டுகிற சாதாரண ஜனங்களைத்தான் அங்கே கண்டார்.

எல்லைப்புறக் கதை இன்னும் வேடிக்கையானது. மெக்சிகோவில் பிளாஸ்மாவுக்குப் பணம் கொடுக்கக்கூடாது. ஆகவே அந்த நாட்டுக்காரர்கள் விசாவோடு பாலத்தைத் தாண்டி வந்து, கொடுத்துவிட்டு, டாலரோடு வீடு திரும்புவார்கள். இது கூலி வேலை, விசாவுக்கு ஒவ்வாது என்று 2021 ஜூனில் அமெரிக்க அதிகாரிகள் தடுத்தார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2022 செப்டம்பரில் நீதிபதி அந்தத் தடையை நிறுத்தி வைத்தார்.

எத்தனை தடவை கொடுக்கலாம் என்பதிலும் தேசத்துக்கு ஒரு நியாயம். அமெரிக்காவில், இடையில் ஒரு நாளாவது விட்டு, வாரம் இரண்டு முறை. வருஷத்துக்கு 104 ஆகிறது! ஜெர்மனியில் 60-தான் உச்ச வரம்பு. தண்ணீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். புரதம் ஊற அதிக நாள் பிடிக்கும். அடிக்கடி கொடுப்பவர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் குறைவதை டாக்டர்கள் கவனித்திருக்கிறார்கள். நன்றாகச் சாப்பிட்டு, ஓய்வெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறார்கள் நிலையத்தில். சாப்பாட்டுச் செலவுக்காகத்தான் வருகிறவளிடம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா என்றால் அவள் என்ன சொல்வாள்?

காசோடு வந்த ஆபத்து

பணத்துக்காக வருகிறவர் நோயை மறைக்கக்கூடும் என்ற பயம் வீண் பயம் அல்ல. நோயாளிக்கு நேராக ஏற்றும் ரத்தம் காசு வாங்கியவர் கொடுத்ததானால் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்று 1978-ல் அமெரிக்காவில் விதி வந்தது. ஆஸ்பத்திரிகள் அப்படிப்பட்ட ரத்தத்தைத் தொடுவதில்லை. பிளாஸ்மா தொழிற்சாலைக்குப் போய்க் கிருமிகளை அழிக்கும் பல படிகளைத் தாண்டி மருந்தாவதால் அதற்கு இந்த விதி இல்லை.

அந்தப் படிகள் வருவதற்கு முன் நடந்தது பெரிய சோகம். 1970-களிலும் 80-களிலும் அமெரிக்கச் சிறைக் கைதிகளிடமிருந்துகூடப் பிளாஸ்மா எடுத்தார்கள். அதில் செய்த மருந்து பிரிட்டனுக்கும் போயிற்று. அங்கே ரத்தத்தாலும் ரத்தத்தில் செய்த மருந்துகளாலும் 30,000 பேருக்கு மேல் எய்ட்ஸ் கிருமியோ, கல்லீரலைத் தாக்கும் கிருமியோ தொற்றியது என்றும், சுமார் 3,000 பேர் மாண்டார்கள் என்றும் 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் 1990-களில் ஏழைக் குடியானவர்களிடம் பிளாஸ்மா வாங்கினார்கள். பலருடைய ரத்தத்தை ஒன்றாகக் கலந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப அவர்களுக்கே ஏற்றினார்கள். ஒருவரிடமிருந்த எய்ட்ஸ் கிருமி ஊர் முழுவதும் பரவிவிட்டது. அந்தக் கொடுமையை உலகுக்கு அம்பலப்படுத்தியவர் ஒரு பெண் டாக்டர், காவ் யாவ்ஜியே. பிரசவ வைத்தியத்தில் பேர் பெற்ற அந்த அம்மாள், வயோதிகத்தில் சொந்த தேசத்தை விட்டு வெளியேறி, 2023 டிசம்பரில் 95-வது வயதில் நியூயார்க்கில் காலமானார்.

இன்று அமெரிக்க நிலையங்களில் ஒருவருக்குப் போட்ட ஊசியும் குழாயும் இன்னொருவருக்கு வருவதில்லை. அவரவர் ரத்தம் அவரவருக்கே திரும்புகிறது. அந்த நிம்மதிக்குப் பின்னால் இத்தனை பேரின் கண்ணீர் இருக்கிறது.

நமக்கு என்ன?

நம் நாட்டிலும் ரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின் பேரில், 1998 முதல் அந்த வியாபாரத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். இங்கே ரத்தத்தைக் கொடுக்கலாம்; விற்கக்கூடாது.

ஆனாலும் சகோதரிகளே, பிளாஸ்மா நம் வீட்டு விஷயந்தான். தாயின் ரத்தம் நெகடிவ், வயிற்றிலுள்ள குழந்தையின் ரத்தம் பாசிடிவ் என்றால், தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிரியாக நினைத்துப் படை திரட்டிவிடும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அதைத் தடுக்க, 28-வது வார வாக்கிலும், பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் 'ஆன்டி-டி' ஊசி போடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய வகையும் இப்போது கிடைக்கிறது. பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதுதான் பழைய வழி. உங்கள் ரத்தம் எந்த வகை என்று தெரியாவிட்டால் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசிக்காகவே வாழ்ந்தது போல் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்தார். பெயர் ஜேம்ஸ் ஹாரிசன். 1951-ல், 14 வயதில், மார்பில் பெரிய ஆபரேஷன் நடந்தபோது, முகம் தெரியாதவர்களின் ரத்தம் அவரைப் பிழைக்க வைத்தது. 18 வயதானதும் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய பிளாஸ்மாவில் ஆன்டி-டி மருந்துக்கு வேண்டிய புரதம் அபூர்வமாக நிறைந்திருந்தது. 2018-ல், 81-வது வயதில், வயது வரம்பு அவரை நிறுத்தும் வரை 1,173 தடவை கொடுத்தார். ஒரு காசு வாங்கவில்லை. ஊசி என்றால் அவருக்குப் பயம்! குத்தும்போது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லையாம். சுமார் 24 லட்சம் குழந்தைகளைக் காக்க அவர் பிளாஸ்மா உதவியது என்கிறார்கள். 2025 பிப்ரவரியில், 88-வது வயதில், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஹாரிசனை நாம் கும்பிடுகிறோம். சரி, மாதக் கடைசியில் கை நீட்டிய அந்த அமெரிக்கத் தாயை? அவளுக்குச் சிலை வைப்பாரில்லை. காசு வாங்கிக்கொண்டாள், கணக்குத் தீர்ந்தது என்கிறது உலகம். ஆனால் ஹாரிசன் பிறந்த ஆஸ்திரேலியாவே, இலவசமாக வருவது போதாமல், எதிர்ப்புப் புரத மருந்தில் ஒரு பகுதியை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. பிழைத்த குழந்தையின் உடம்பில் ஓடும் பிளாஸ்மாவுக்குத் தர்மம் எது, கூலி எது என்று தெரியாது.

அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. அவள் உடம்பு தாங்குகிற அளவுக்கு மேல் அவள் வறுமை அவளை அந்த நாற்காலிக்கு இழுத்து வராமல் பார்த்துக்கொள்வதுதான் நியாயம். அது அந்த தேசத்தின் கடமை. நம்முடைய கடமை அதைவிடச் சுலபமானது. நல்ல ஆரோக்கியமும் 18 வயதும் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால், அடுத்த பிறந்த நாளன்று அருகிலுள்ள ரத்த வங்கிக்கு அழைத்துப் போங்கள். வீட்டில் பாயசம் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து குடிக்கச் சரியாக இருக்கும்!