தெலுங்கானா: ஏர் பிடித்த கை ஆயுதம் ஏந்தியது ஏன்?

குடியானவன் ஏரை விட்டு ஆயுதம் எடுத்தான் என்று கேட்ட மாத்திரத்தில், அவனைத் தூண்டிவிட்டவன் யார் என்று தேடுவது சர்க்காரின் வழக்கம். 1946 முதல் 1951 வரை நடந்த தெலுங்கானாப் போராட்டத்தைப் பற்றியும் அவ்வாறே பேசப்பட்டது. கம்யூனிஸ்டுகள் அதை நடத்தினர் என்பது மெய்யே. ஆயினும், வெறும் பிரசங்கத்தைக் கேட்டு ஒரு கிராமம் உயிரைப் பணயம் வைக்குமா? அதன் வேர் மண்ணிலேயே இருந்தது.

ஹைதராபாத் சமஸ்தானத்து நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிஜாமின் சொந்த உடைமை. மூன்று பங்கு ஜாகீர்தார்களின் வசம். எஞ்சியது சர்க்காருக்கு நேரே வரி செலுத்தும் நிலம் என்று பெயர். அங்கோ தேஷ்முக்குகளின் ஆட்சி. முன்னாளில் வரி தண்டும் உத்தியோகம் பார்த்தவர்கள் இவர்கள். நில அளவையும் பட்டாவும் வந்தபோது, எழுத்தறியாத குடிகளின் நிலங்கள் இவர்கள் பேரில் ஏறின. விசுநூர் தேஷ்முக்குக்கு நாற்பது கிராமங்களில் 40,000 ஏக்கர் இருந்ததாகச் சுந்தரய்யா எழுதியிருக்கிறார்.

கடன் கொடுப்பவரும் அவரே, வழக்குத் தீர்ப்பவரும் அவரே என்றால் ஏழை எங்கே முறையிடுவான்? இதன்மேல் வெட்டி ஊழியம் வேறு. கூலியின்றிச் செய்யும் வேலைக்குச் சோழர் சாசனங்களிலும் வழங்கும் பெயர்தான் அது. வண்ணார் துணி வெளுக்க வேண்டும்; குயவர் பானை கொடுக்க வேண்டும்; சக்கிலியர் செருப்புத் தைக்க வேண்டும்; ஒருவருக்கும் ஊதியம் கிடையாது.

எடுத்த எடுப்பில் எவரும் துப்பாக்கி தூக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1930-ல் தோன்றிய ஆந்திர மகாசபை மகாநாடுகள் கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றியது. 1944-ல் புவனகிரி மகாநாட்டில் ரவி நாராயண ரெட்டி தலைமை வகித்தார். அங்கத்தினர் சந்தா ஓர் அணாவாகக் குறைக்கப்படவே, படித்தவர்களின் சபை குடியானவர்களின் சங்கமாயிற்று. பாலகுர்த்தியில் ஐலம்மா என்னும் வண்ணார் குலப் பெண்மணியின் விளைச்சலைப் பறிக்கத் தேஷ்முக்கின் ஆட்கள் வந்தபோது, சங்கத்துத் தொண்டர்களே அதை அவர் வீடு சேர்த்தனர். 1946-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி கடவெண்டியில் ஊர்வலமாகச் சென்றோர்மீது தேஷ்முக்கின் ஆட்கள் சுட்டதில் தொட்டி கொமரய்யா மாண்டார். அதன் பின்னர் தடியும் கவணும் கிராமத்துக்குக் கிராமம் கிளம்பின.

1947 செப்டம்பரில் ஆயுதப் போருக்கு அறைகூவல் எழுந்தது. காசிம் ரஜ்வியின் ரஜாக்கர்கள் கிராமங்களைக் கொளுத்திய காலம் அது. எனினும் இதை மதச் சண்டை என்பது பிசகு. தேஷ்முக்குகளில் மிகப் பெரும்பாலோர் ஹிந்துக்கள். அறைகூவல் விடுத்த மூவரில் ஒருவரோ உருதுக் கவி மக்தூம் மொஹியுதீன். சுமார் மூவாயிரம் கிராமங்களில் பத்து லட்சம் ஏக்கர் பங்கிடப்பட்டதென்பது சுந்தரய்யாவின் கணக்கு.

1948 செப்டம்பர் 13-ல் இந்தியச் சேனை நுழைந்தது. 17-ந் தேதி நிஜாம் பணிந்தார். தேசம் களித்தது; களித்தது நியாயமே. ஆனால் ஓடிப்போயிருந்த நிலப்பிரபுக்களும் சேனையின் பின்னே திரும்பி வந்து, பங்கிட்ட நிலத்தைக் கேட்டனர். ஆகவே போர் இன்னும் மூன்றாண்டு நீடித்தது. சங்கத்தார் கையிலும் உயிர்கள் மாய்ந்தன. சர்க்கார் தரப்பின் கையில் நாலாயிரம் பேர் மடிந்தனர் என்கிறார் சுந்தரய்யா. நிஜாமை எதிர்த்தபோது வீரன் எனப்பட்டவன், அதே நிலத்துக்காக நின்றபோது கலகக்காரன் எனப்பட்டான்.

துப்பாக்கி மட்டும் இதை முடிக்கவில்லை. 1949-ல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. 1950-ல் குத்தகைச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 18-ல் போச்சம்பள்ளியில் வினோபா பாவேயிடம் 100 ஏக்கர் தானமாக அளிக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரில் கட்சி போரை நிறுத்திற்று. அடுத்து நடந்த பொதுத் தேர்தலில் நல்கொண்டாவின் ஜனங்கள் ரவி நாராயண ரெட்டிக்கு நேருவைக் காட்டிலும் அதிக வோட்டுகள் அளித்தனர்.

தூண்டியவர் யார் என்று கேட்போருக்கு அந்த வோட்டுப் பெட்டியே விடை. ஆயுதத்தைப் பறிமுதல் செய்வது சேனைக்குச் சாத்தியம்; அநீதியைப் பறிமுதல் செய்யச் சட்டமும் அதை நிறைவேற்றும் துணிவும் வேண்டும். உழுபவன் பேரில் பட்டா இல்லாத நாட்டில், அமைதி என்பது அடுத்த கிளர்ச்சி வரையிலான அவகாசமே.