பிரேக் ஒட்டுகிறதா? கொஞ்சம் நில்லுங்கள்!

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



பிரேக் பிடிக்காத வண்டியைக் கண்டால் எல்லோரும் பயப்படுவோம். பிரேக்கை விடாத வண்டியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. "லேசா இழுக்குது, போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லி மலையேறி விடுகிறோம். சமவெளியில் அது டீசல் செலவோடு போகலாம். நம்ம போடிமெட்டுப் பாதையில் போகாது. முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலையாட்கள் பலர் பழைய ஜீப்பிலும் பிக்கப்பிலும்தான் போய் வருகிறார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வகுப்பில் பிரேக் பாடம் நடக்கும்போது அந்த ஜீப்தான் கண்ணுக்குள் வரும்.

ஏன் ஆபத்து?

மெட்டிலிருந்து போடிக்கு இறக்கம் சுமார் 1000 மீட்டர். சுமையோடு 2 டன் உள்ள வண்டி இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2 கோடி ஜூல். சுமார் 65 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருகிற சூடு அது! ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி பிரேக் டிரம்முக்கு.

பிரேக் ஒட்டினால், ஏறும்போதே டிரம் சூடாகி, ஆறாமலே இறக்கத்துக்கு வருகிறது. டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பாஸ்கல் விதி அங்கே கைகொடுக்காது. பெடல் தரையைத் தொட்டுவிடும். ஆக, விடாத பிரேக்தான் கடைசியில் பிடிக்காத பிரேக் ஆகிறது.

அறிகுறிகள்

நியூட்ரலில் தள்ளினால் வண்டி நகர மறுக்கும். ஒரு பக்கமாக இழுக்கும். லைனர் கருகின வாடை வரும். ஓட ஓட பெடல் கெட்டியாகும்.

சோதனை முறை

1. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். டிரம்மைத் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். ஒரு சக்கரம் மட்டும் சூடு என்றால் கோளாறு அங்கேயே. பின்னிரண்டும் சூடு என்றால் ஹேண்ட் பிரேக் கேபிள் அல்லது பின் ஹோஸ் மேல் சந்தேகம். நான்கும் சூடு என்றால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடலையும் பாருங்கள்.

2. சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சூடான சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வண்டி ஆறும் முன்பே பாருங்கள். ஆறினால் சில சமயம் ஒட்டல் தானாக விட்டுவிடும்.

3. இறுக்கமாக இருக்கும்போதே அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம், ஆயில் சூடாகப் பீச்சும். சக்கரம் இலகுவானால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது. இலகுவாகாவிட்டால் கோளாறு இரும்பில்: ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்வு, வீல் சிலிண்டரில் துரு, ஷூ அட்ஜஸ்ட்மென்ட் இறுக்கம், மழைச்சேற்றில் துருப்பிடித்த ஹேண்ட் பிரேக் கேபிள்.

4. அழுத்தம்தான் என்றால் மேல்நோக்கிப் போங்கள். நிப்பிளை மூடி, பெடலை மிதித்து, மறுபடி ஒட்டவிட்டு, ரப்பர் ஹோஸுக்கு முன்னால் உள்ள இரும்புக் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் சக்கரம் விடவில்லையா? ஹோஸ் உள்ளே ஊறி அடைத்திருக்கிறது. வெளியே புதுசு போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்!

5. அங்கே விட்டுவிட்டால் குற்றவாளி மேலே. பெடலில் ஃப்ரீ பிளே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புஷ் ராட் பிஸ்டனைப் பின்னுக்கு வரவிடாமல் தாங்கி நிற்கிறது. ஃப்ரீ பிளே சரியாக இருந்தும் ஒட்டினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கலாம், அல்லது ரப்பர் கப் ஊதியிருக்கலாம்.

கப் ஏன் ஊதுகிறது? அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவதாலும், டீசலில் பாகங்களைக் கழுவுவதாலும்தான். பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பருக்கு விஷம். ஊற்றிவிட்டால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. அமைப்பு முழுவதையும் கழுவி, கப், சீல், ஹோஸ் எல்லாம் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும்

ஏர் எடுத்து, சமவெளியில் ஓட்டி, மறுபடி சூடு பார்த்த பிறகே மலைக்கு விடுங்கள். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருக்கலாம். ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

நண்பர்களே, இந்தச் சோதனைக்குத் தேவை ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்ட், இரண்டு ஸ்பேனர், அரை மணி நேரம். "எல்லாத்தையும் மாத்திடு" என்று சொல்லும் முன் ஒரு நிப்பிளைத் திறந்து பார்ப்போம். வண்டிக்காரரின் காசும் மிஞ்சும். பின்னால் நெருக்கி உட்கார்ந்து வருகிறவர்களும் பத்திரமாக வீடு சேருவார்கள்.