மார்ச் மாதத் தவணை

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. சந்தை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குறியீடுகள் 10 சதவீதம் சரிந்ததால் வர்த்தகம் 45 நிமிடங்களுக்கு நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கிய பிறகும் சரிவு ஓயவில்லை. மாலையில் கணக்குப் பார்த்தால் சென்செக்ஸ் 3,934 புள்ளிகளை இழந்திருந்தது. ஜனவரியில் 12,400-ஐத் தொட்டிருந்த நிஃப்டி 7,610-ல் வந்து நின்றது. மறுநாள் இரவு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

மாதாமாதம் குறித்த தேதியில் குறித்த தொகையை மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் பங்குகளில் போடுவதுதான் எஸ்.ஐ.பி. முறை. அது உண்மையில் வேலை செய்வது இப்படிப்பட்ட மாதத்தில்தான். ஆனால் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ‘ஆம்ஃபி’யின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் எஸ்.ஐ.பி. மூலம் வந்த பணம் 8,641 கோடி ரூபாய். நவம்பரில் அது 7,302 கோடியாகக் குறைந்திருந்தது. அதே நவம்பரில் நிஃப்டி தன் பழைய ஜனவரி உச்சத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது!

வேலை போனவர்களும் சம்பளம் பாதியானவர்களும் தவணையை நிறுத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு அரிசிக்குப் பிறகுதான் எந்த முதலீடும். கையில் பணம் இருந்தும் பயந்து நிறுத்துவதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 6,000 ரூபாய் தவணை. முதல் மாதம் யூனிட் விலை 100 ரூபாய், 60 யூனிட் கிடைக்கும். அடுத்த மாதம் விலை 60-க்கு விழுகிறது, 100 யூனிட். மூன்றாம் மாதம் 80-க்கு ஏறுகிறது, 75 யூனிட். போட்ட பணம் 18,000, கையில் 235 யூனிட், அதன் மதிப்பு 18,800. விலை இன்னும் பழைய நூறைத் தொடவில்லை, ஆனாலும் 800 ரூபாய் லாபம். இரண்டாம் மாதம் மட்டும் பயந்து ஒதுங்கியவரிடம் 135 யூனிட்தான் இருக்கும். போட்டது 12,000, மதிப்பு 10,800. ஒரே ஒரு தவணை செய்த வேலை இது.

சீட்டுப் பணத்தை நம்மவர்கள் இப்படி நிறுத்துவதில்லை. நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுவார்கள். சீட்டு பிடிப்பவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், அக்கம்பக்கத்தில் பெயர் கெடும். எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. செல்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. வாசலில் வந்து நிற்கும் அந்த ஆளின் வேலையைத்தான் முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு விதி செய்ய வேண்டியிருக்கிறது.

அப்படியொரு விதி, பங்கையும் வைப்புத்தொகையையும் ஒரே விகிதத்தில் வைத்துக்கொள்வது. ஒரு லட்சத்தில் 60,000 பங்கிலும் 40,000 வங்கி டெபாசிட்டிலும் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சந்தை மூன்றில் ஒரு பங்கு சரிந்தால் பங்கின் மதிப்பு 40,000 ஆகும், மொத்தம் 80,000. பழைய 60 சதவீதத்துக்குக் கொண்டுவர டெபாசிட்டிலிருந்து 8,000 எடுத்துப் பங்கு வாங்க வேண்டும். சந்தை ஏறினால் இதே விதி விற்கச் சொல்லும். டி.வி.யில் நிபுணர் என்ன சொன்னார் என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

எதை வாங்குவது என்பதற்கும் விதி உண்டு: குறியீட்டில் இருப்பதை அப்படியே வாங்குவது. நிஃப்டி என்பது 50 நிறுவனங்களின் பட்டியல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கப்படுவது. 2009 ஜனவரியில் கணக்கு மோசடி வெளிவந்ததும் சத்யம் அதிலிருந்து நீக்கப்பட்டது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் போய் ஸ்ரீ சிமென்ட் வந்தது. பட்டியலிலிருந்து நீங்கும் முன்பே விலை வீழ்ந்துவிடுவதால் அடி விழத்தான் செய்யும். ஆனால் ஐம்பதில் ஒன்றுக்கு விழும் அடி அது. சத்யம் பங்கை மட்டுமே வைத்திருந்தவருக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

முறையைப் பின்பற்றினால் நஷ்டமே வராது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். இடையில் 34 ஆண்டுகள்! சரிந்த காலத்திலும் தவணை கட்டியவருக்கு அந்தக் காத்திருப்பு குறைந்திருக்கும், உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்குக் குறையவில்லை. மறுபக்கம், சந்தை இடைவிடாமல் ஏறும் காலத்தில் மொத்தமாகப் போட்டவரே முந்துவார். இதையும் சொல்லித்தான் ஃபண்டை விற்க வேண்டும்.

முறை எதுவும் வேண்டாம், வேகம் போதும் என்று எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகத்தின் பக்கம் போனவர்களின் கணக்கைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

எஸ்.ஐ.பி. பணம் 2024 ஏப்ரலில் முதன்முறையாக மாதம் 20,000 கோடியைத் தாண்டியது. 2020 மார்ச்சில் சுமார் 3.1 கோடியாக இருந்த கணக்குகள் அப்போது 8.7 கோடியாகப் பெருகியிருந்தன. அவற்றில் குறைந்தது ஐந்தரைக் கோடிக் கணக்குகள், அந்த மார்ச் 23-க்குப் பிறகு பிறந்தவை.