பிரிண்டர் கோணினால் முதலில் போனைத் தொடாதீர்கள்

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் கட்டம் போட்ட தாளை அச்சடித்தால் செங்குத்துக் கோடு ஏணிப்படியாக உடைந்து வருகிறதா? பெரும்பாலும் காசு செலவில்லாமலே சரிசெய்யலாம். மை தெளிக்கும் ஹெட் போகும்போதும் அச்சடிக்கும், திரும்பும்போதும் அச்சடிக்கும். இரண்டும் ஒரே இடத்தில் விழாவிட்டால் கோடு உடையும்.

முதலில் நாசில் செக், அதாவது மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்ற சோதனை. நிறம் விட்டுவிட்டு வந்தால் ஹெட்டைச் சுத்தம் செய்தபிறகுதான் மற்றது. அடுத்து, பிரிண்டர் மென்பொருளின் மெயின்டனன்ஸ் பகுதியில் ஹெட் அலைன்மென்ட்டை ஓட்டுங்கள். எண் போட்ட கட்டங்கள் அச்சாகும். கோடு உடையாமல் தெரியும் கட்டத்தின் எண்ணைக் கொடுத்தால் போதும். சில மாடல்களில் அந்தத் தாளை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். கோடு நேராக இருந்தும் பக்கமே சாய்ந்து வந்தால் குற்றம் ஹெட்டில் இல்லை, தாளை ஒட்டி நிற்காத பேப்பர் கைடில். எழுத்து ஓரம் தள்ளிப்போனால் தாள் அளவைப் பாருங்கள்: ஏ4 என்பது 210×297 மில்லிமீட்டர், லெட்டர் 216×279. தட்டில் ஏ4 இருக்க, கணினியில் லெட்டர் என்று கிடப்பது அடிக்கடி நடப்பது.

லேசர் பிரிண்டரைத் திறக்குமுன் அணைத்து ஆறவிடுங்கள். உள்ளே மையை உருக்கிப் பதிக்கும் பகுதி கையைச் சுட்டுவிடும்.

பணத்தைச் சுடும் ஆபத்து வேறு. கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் மேலே வருவது மோசடிக்காரர் கொடுத்த விளம்பரமாகவும் இருக்கலாம். "டிரைவர் கெட்டுவிட்டது சார், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று எனிடெஸ்க் போன்றதைப் போடச் சொன்னால் இணைப்பைத் துண்டியுங்கள். அதைப் போட்டால் உங்கள் திரை அவர்கள் கையில். கஸ்டமர் கேர் எண்ணை பிரிண்டர் பெட்டியிலோ வாரண்டி அட்டையிலோ மட்டும் பாருங்கள். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதமாகத் தாமதமாகப் பணம் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

வாரண்டிக்குள் கோளாறு தீராவிட்டால் சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (பழுதுபார்ப்புப் பதிவுத் தாள்) கேட்டு வாங்குங்கள். "ரீஃபில் மை ஊற்றியதால்தான்" என்று மறுத்தால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்பவர்கள் பலர் எழுத்து என்றதும் தயங்குவார்கள். அதன்பின் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் நடக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே கிடையாது. பில்லோடு, கோணலாக வந்த அந்தச் சோதனைத் தாள்களையும் தேதி எழுதி இணையுங்கள்.